வன்தட்டுப் பாகப்பிரிவினையும் கொங்கு மரபும்: ஒரு முன்னோடி ஆய்வு

யுனிக்ஸ் கணினியின் வன்தட்டை எப்படிக் கூறு போடுவது என்று மேலைநாட்டார் கையேடுகளாக எழுதிக் குவித்துள்ளனர். அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாகப்பிரிவினையில் அரைநாள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு மை மிச்சமாகியிருக்கும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதற்சான்று: 1983இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முறையில் ஒரு தட்டுக்கு முதன்மைப் பாகங்கள் நான்குதான். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தின் மண்டலங்களும் நான்கு. ஐ.பி.எம். பொறியாளர் எவரும் பொள்ளாச்சிக்கு வந்ததாகச் சான்றில்லை. வரவில்லை என்பதற்கும் சான்றில்லை. ஆய்வுலகில் இது தாராளம். பின்னாளில் ஜிபிடி முறை வந்து பாகங்கள் 128 ஆயின. ஒரு கிணற்றுக்கு 128 பங்காளிகள் என்றால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது சான்று பெல் ஆய்வகத்தில் கிடைக்கிறது. யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1970களின் தொடக்கத்தில் வைத்திருந்த ரூட் தட்டு, அதாவது இயங்குதளம் குடியிருந்த தட்டு, நிறைந்துவிட்டது. பயனர்கள் குடியிருந்த யூஎஸ்ஆர் தட்டில் நிரல்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அண்ணன் வீட்டுச் சோள மூட்டை தம்பி சாளைக்குப் போன கதைதான். கடைசியில் வெளியேறியது தம்பி: பயனர்கள் ஹோம் என்று வேறு இடம் பார்த்துக்கொள்ள, மூட்டைகள் இன்றும் யூஎஸ்ஆரிலேயே கிடக்கின்றன.

எங்கள் பக்கம் பாகம் பிரிக்க வரும் பெரியவர் நிலத்தைப் பற்றி முதலில் வாயே திறக்கமாட்டார். “தடத்தை மொதல்ல உடுங்க தம்பி, காட்டை அப்பறம் அளந்துக்கலாமுங்க” என்பார். கணினியிலோ, ஹோமுக்கு எத்தனை ஜிபி என்று விடிய விடியப் பேசுவார்கள். வார் பாகத்தை விசாரிக்க ஆளிருக்காது. கணினியின் நடவடிக்கைப் பதிவுகள் ராப்பகலாகப் பெருகுவது அங்கேதான். இடையில் பொழி போடாவிட்டால் ஒருநாள் அவை தட்டு முழுவதையும் மேய்ந்துவிடும்; பிறகு ஹோமில் ஒரு வரிகூடச் சேமிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே பாகமாகப் போடு என்னும் கூட்டுக்குடும்பக் கட்சியினர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நினைவகம் நிறைந்தால் வழிய விடும் ஸ்வாப் பாகம், நினைவகத்தைப்போல் இருமடங்கு இருக்க வேண்டும் என்பது தாத்தா காலத்துக் கணக்கு. 64 ஜிபி நினைவகக்காரர் அதைப் பின்பற்றினால் 128 ஜிபி தரிசு.

நிறைவாக ஜீவனாம்சம். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை, கேட்காமலே 5 சதவீதத்தை ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கிவிடுகிறது. 1 டிபியில் சுமார் 50 ஜிபி. பிள்ளைகள் அத்தனையையும் தின்று தீர்த்தாலும் பெரியவர் உள்ளே வந்து நிலைமையைச் சரிசெய்ய அந்த இடம் வேண்டும். டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே அதைச் செய்யும் பேரன்கள் எங்கள் ஊரிலும் உண்டு.