பொழைக்கத் தெரியாத அம்மிணிக்கு

ஈரோட்டுல போர்டு மாட்டிப்போட்டயாமே அம்மிணி! உம்பேரு, அதுக்குப் பின்னால எம்.எஸ்சி., அதுக்கும் பின்னால ஆர்.டி. உங்கம்மா போட்டோ அனுப்புனா. பாத்துப்போட்டு நெம்பச் சந்தோசம். ஆனா நீ போற போக்கைப் பாத்தா, போர்டு எழுதுனவனுக்குக் குடுத்த காசு கூடத் திரும்பி வராதாட்ட இருக்குது. சத்துமாவு டப்பாக்காரன் ஒருத்தன் தேடி வந்து, ஒரு டப்பா எழுதிக் குடுத்தா இத்தனை ரூவாய்னு கணக்குச் சொன்னானாம்; நீ காப்பித்தண்ணி குடுத்து அனுப்பி வெச்சுப்போட்டயாம். காப்பிச் செலவும் உன்றது!

அப்புச்சி கைநாட்டுதான். ஆனாலும் கண்ணபுரம் மாட்டுச்சந்தையில தரகு பாத்தவன். துண்டுக்குள்ள கையை உட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசி, விக்கறவங்கிட்ட ஒரு தரகு, வாங்கறவங்கிட்ட ஒரு தரகு வாங்கறவந்தான். இருந்தாலும் அங்க ஒரு சங்கட்டம் உண்டு. நான் தரகன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். வாங்க வந்தவன் என்ற பேச்சை நம்ப மாட்டான். மாட்டோட வாயைத் தொறந்து பல்லைப் புடிச்சுப் பாப்பான், நடக்க உட்டுச் சுழி பாப்பான். உன்ற மேசைக்கு முன்னால உக்காரறவனுக்கு எந்தப் பல்லைப் பாக்கத் தெரியும்? நீ இந்தப் பவுடரு வேணும்னா அவனுக்கு வேணும். தெகட்டுனாலும் மூக்கைப் புடிச்சுட்டுக் குடிப்பான். இத்தனை சுளுவான சந்தை எனக்கு வாச்சிருந்தா, ஓட்டு வீடு எப்பவோ மாடி வீடாயிருக்கும். நீ என்னடான்னா, “அவிகளுக்குப் பாக்கத் தெரியாதுங்கறதுனாலதான் அப்புச்சி நான் வாங்கக் கூடாது”ங்கறே. படிச்ச புள்ளைக பேச்சே தனி.

போகட்டும், டப்பா வேண்டாம். போர்டுல இன்னொரு வரி சேத்து எழுது: “சக்கரை வேரோட ஒழியும், ஒரே மாசத்துல ஒடம்பு எளைக்கும்”னு. உங்க மாமன் கோர்ட்டுல குமாஸ்தாவாச்சே, அவன் குறுக்க வந்து பூந்தான். 1954-லயே ஒரு சட்டம் வந்துருச்சாம்; சக்கரை நோயி, ஒடம்பு பெருக்கறது, ரெண்டும் அந்தப் பட்டியல்ல இருக்குதாம். இதுகளை மருந்து குடுத்துக் கொணமாக்கறேன்னு வெளம்பரம் பண்ணப்படாதாம். அடேயப்பா, நாடு சுதந்திரம் வாங்கி ஏழு வருசத்துலயே ஆரோ ஒரு புண்ணியவான் உக்காந்து எழுதி வெச்சிருக்கறான். அவன் நம்ம பஸ் ஸ்டாண்டுச் செவுத்தை ஒரு நாளும் பாக்கலையாட்ட இருக்குது.

கைக்கொளந்தைக்காரிக வந்தாலாச்சும் நாலு காசு பாக்கலாம்னு நெனச்சேன். அங்கயும் கதவைச் சாத்திப்போட்டானுக. 1992-ல ஒரு சட்டம், 2003-ல அதை இன்னும் இறுக்கி ஒரு திருத்தம். ரெண்டு வயசு வரைக்கும் குடுக்கற பால்மாவு, கொளந்தைச் சாப்பாடு எதுக்கும் வெளம்பரம் ஆகாது. டப்பா மேல கொளந்தை படங்கூடப் போடப்படாது. கம்பெனிக்காரன் ஆசுபத்திரி ஆளுகளுக்குக் காசு குடுக்கப்படாது, பரிசு குடுக்கப்படாது, அவிக சங்கம் கூட்டம் போட்டாச் செலவு ஏத்துக்கப்படாது. கூட்டத்துல போடற பிரியாணி வரைக்கும் யோசிச்சு எழுதியிருக்கறாங்க பாரு, அவிக எத்தனை கூட்டத்துக்குப் போயிருப்பாங்க!

அமெரிக்காக் கதை ஒண்ணு நீ சொன்னயே, எனக்கு அதை நெனச்சா இன்னும் சிரிப்பு. 2015-ல அங்கத்த டயட்டீசியன் சங்கம், தன்ற அறக்கட்டளை முத்திரையை கிராஃப்ட் கம்பெனி சீஸ் பொட்டணத்து மேல போட உட்டுச்சு. கேட்டா, “இது சிபாரிசு இல்லீங்க”ன்னு சங்கம் பதில் சொல்லுச்சு. பொட்டணத்துல முத்திரை இருக்குமாம், சிபாரிசு இருக்காதாம். பந்தல்ல மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கறான், ஆனா கண்ணாலம் இல்லீங்கறான்! ஊரு சிரிச்சதைவிட உன்னாட்டப் புள்ளைகதான் அதிகமாச் சத்தம் போட்டாங்களாம்: எங்க பேரை நாங்க சீஸுக்கு விக்கலைன்னு. கடைசியில முத்திரையை எடுத்துப்போட்டாங்க. கடலுக்கு அந்தப் பக்கமும் உன்ற இனம் இருக்குது அம்மிணி, பொழைக்கத் தெரியாத இனம்.

சரி, தொழிலையாச்சும் சுருக்கமாப் பண்ணு. சீட்டு ஒண்ணு அடிச்சு ஆயிரம் ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்கோ. வர்றவனுக்கெல்லாம் ஒண்ணு நீட்டு: காலையில ராயிக்கூழு, பத்து மணிக்கு எளநி, மத்தியானம் கீரை. ஆரு குத்தம் சொல்ல முடியும்? எல்லாம் நல்ல சாமானுதானே? நீ பண்றதைப் பாரு. எங்க பங்காளிப் பெரியவன் கிட்னி கெட்டு வந்தாரு. நீ மொதல்ல ரத்த டெஸ்ட்டுக் காயிதத்தை வாங்கி பொட்டாசியம் எத்தனைன்னு பாத்தே. அப்பறம் எளநி வேண்டாம், வாழப்பழம் வேண்டாம்னே. காயைச் சின்னதா அரிஞ்சு, நெறையத் தண்ணியில வேக வெச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுத் தாளிங்கன்னே. தோப்புக்காரன் ஊட்டுலயே எளநிக்குத் தடை! அவுரு சம்சாரம் எங்ககிட்ட வந்து, “உங்க பேத்திக்கு எங்க மேல என்னங்க கோவம்”னு கேட்டா. ஒருத்தருக்கு அமிர்தம், இன்னொருத்தருக்கு அதே நெஞ்சை நிறுத்திப்போடும்னு நீ அரை மணி நேரம் உக்காந்து அவளுக்குப் புரிய வெச்சயாம். அந்த அரை மணி நேரத்துல இருபது ஜெராக்ஸ் நீட்டியிருக்கலாம்.

ராயிக்களி சமாச்சாரத்துலயும் அப்பிடித்தான். கடைக்காரன் என்ன சொல்றான்? சக்கரைக்காரங்க களி எத்தனை உருண்டை வேணும்னாலும் முழுங்கலாம்ங்கறான். ஊரே அவனுக்குக் கும்புடு போடுது. நீ என்ன சொன்னே? நூறு கிராம் ராயிமாவுல மாவுச்சத்தே கிட்டத்தட்ட 70 கிராம். சுண்ணாம்புச்சத்து ஏராளம், அது நெசம், ஆனா அளவு மீறுனா ராயியும் சக்கரையை ஏத்தும்னே. உள்ளதைச் சொன்னங்காட்டி ரெண்டு பேரு உங்கிட்ட வர்றதையே நிறுத்திப்போட்டாங்க.

இன்சுலினை நிறுத்தலாமான்னு ஒருத்தன் கேட்டா, “அது டாக்டரு சொல்லோணும், நான் சொல்லப்படாது”ன்னு அவருகிட்டத் தாட்டி உடறே. உன்ற வாசலுக்கு வந்த கிராக்கியை இன்னொருத்தன் வாசலுக்கு ஓட்டறே. தறி ஓட்டற புள்ளைக்கு ரேசன் தொவரம்பருப்பு, முட்டை, கொள்ளு, ஊட்டுப் பின்னால நிக்கற முருங்கைக்கீரை எழுதிக் குடுக்கறே. அவகாடோ, கினோவான்னு வாயில நொழையாத பேரா எழுதியிருந்தா உன்னைப் பெரிய மேதைன்னு நெனச்சிருப்பா. வாங்க வக்கில்லாம அவளே தோத்துப்போயிருப்பா, தப்பு அவ மேலயே போயிருக்கும். உனக்கு ஒரு கெட்ட பேரும் வராது. எத்தனை பாதுகாப்பான வைத்தியம்!

எளைச்சவ போட்டோவை முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு போட்டு செல்போன்ல உடு. அவகிட்டச் சம்மதம் கேக்காதே, கேட்டா வேண்டாம்பா.

இதெல்லாம் உனக்கு எங்க ஏறப்போகுது. உன்ற படிப்பே கெரகம் புடிச்ச எடத்துல மொளைச்சது. நம்ம குன்னூருதான். 1918-ல மெக்காரிசன்னு ஒரு தொரை, பெரிபெரி நோயை ஆராயறேன்னு ஒத்த ரூமுல உக்காந்தான். அது வளந்து 1958-ல ஐதராபாத்துக்குப் போய்ப் பெரிய நிறுவனமாச்சு. அவிக 2024-ல 17 விதி போட்டாங்களே, அதுல ஒண்ணு என்ன? சதை ஏத்தறதுக்குப் புரதப் பவுடரு வேண்டாம்ங்கறது. நூறு வருசம் ஆராய்ச்சி பண்ணி, டப்பாக்காரன் பொழைப்புல மண்ணைப் போட்டாங்க. போதாக்கொறைக்கு 2021-ல ஒரு சட்டம். உன்னாட்ட ஆளுக பேரெல்லாம் பதிவேட்டுல ஏறோணுமாம், நடத்தை தப்புனா பேரை அடிச்சுப்போடுவாங்களாம். எங்க சந்தையில தரகனுக்குப் பதிவேடு வெச்சிருந்தா, மொத நாளே பேனாவுல மையி தீந்திருக்கும்.

வழி பூராவும் சொல்லியாச்சு. நீ ஒண்ணையும் கேக்கப்போறதில்லை, தெரியும். அப்புச்சிக்கு ஒரே ஒரு காரியம் பண்ணு. நோம்பிக்கு உங்க அம்முச்சி ஒப்பிட்டு சுடறா. எனக்கு 1-ன்னு நீ எழுதுன சீட்டைச் சமையக்கட்டுச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறா. வந்தயின்னா அந்த 1-க்குப் பக்கத்துல இன்னொரு கோடு இழுத்துப்போடு. பதினொண்ணு ஆயிருமேன்னு பயப்படாதே, அப்புச்சி ரெண்டோட நிறுத்திக்குவேன். நல்ல எருமை நெய்யி ஒரு தூக்கு உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கறேன்.

ஆகாதா? அதுவும் டப்பாக்காரன் கமிசனாட்டத்தானா? செரி, நெய்யை உங்கம்மாகிட்டயே குடுத்துக்கறேன். ஆனா போன வாரம் எடுத்த மூணு மாசச் சக்கரை டெஸ்ட்டு என்ன வந்துதுன்னு உங்க அம்முச்சி கேப்பா. வாயைத் தொறக்காதே. நோயாளி சமாச்சாரம் அவனைக் கேக்காம வெளிய போகப்படாதுன்னு நீதானே சொன்னே? உங்க விதியிலயே அது ஒண்ணுதான் அம்மிணி உருப்படியான விதி. அதைக் கெட்டியாப் புடிச்சுக்கோ, அம்முச்சி அழுதாலும் உடாதே.