மூன்றாண்டுக்கு முப்பது மணி

அமெரிக்காவில் ‘ஆஷா’ சங்கத்தின் சான்றிதழ் வைத்திருக்கும் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் 3 ஆண்டுக்குள் 30 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். அதில் தொழில் நெறிக்கு 1 மணி நேரம் கட்டாயம். மற்ற நேரத்தில் நெறி தானாகச் சுரக்கும் போல!

காலையில் ‘ர’ வராத குழந்தை. மதியம் பக்கவாதத்தில் சொல் தொலைத்த பெரியவர். அப்புறம் தண்ணீர் குடித்தாலே புரையேறும் நோயாளி. பார்ப்பவர் ஒரே ஆள். புரையேறுபவருக்கான கெட்டித் திரவத்தை 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, முனையிலிருந்து விரலை எடுத்து, 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சத்தை அளப்பது ஒரு சோதனை. இதையும் வீடியோவிலேயே கற்கலாம். இரட்டை வேகத்தில் ஓடவிட்டால் 10 விநாடி ஐந்தாகிவிடும்.

தணிக்கை வந்தால் சங்கம் கேட்பது, மணிக்கணக்குக்கான ஆதாரத்தைத்தான்.