தில்லி தந்த தாய்மாமன்கள்

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி எங்களை வாழவைத்த தில்லிப் பெருமக்களுக்கு, குச்சனூர் சனீஸ்வரர் கோயில் வாசலில் எள் விளக்கு விற்கும் அடியேன் எழுதும் விண்ணப்பம்.

போன ஆடிச் சனிக்கிழமை உங்கள் சட்டம் என் கடைக்கே எழுந்தருளியது. இரவு மணி ஏழரை. எங்கள் ஊரில் அந்த எண்ணுக்கு விளக்கம் தேவையில்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கறுப்புத் துணியில் எள் முடிந்துகொண்டிருந்தாள். இரவு 7 மணியிலிருந்து காலை 8 வரை பெற்ற அப்பனுக்குக்கூடப் பிள்ளை ஒத்தாசை செய்யக் கூடாது என்றார் சோதனைக்கு வந்த அதிகாரி. 2017 விதி அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. வரிசையில் நின்ற பக்தர்கள் பார்க்க, என் கையில் ஒரு குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புப் பதாகையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அவருக்கு டீ வந்தது. கொண்டுவந்த பையனுக்குப் பத்து வயது இருந்தால் அதிகம்.

"யாருடா நீ?"

"டீக்கடைக்காரர் எங்க மாமா சார்."

"அப்ப சரி" என்று வாங்கிக் குடித்தார். சர்க்கரை தூக்கல் என்று குறைப்பட்டவர், மாமா முறை வந்ததும் மணி பார்க்க மறந்துவிட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சட்டத்தைப் புரட்டினேன். 2016 ஜூலை 26, அதுவும் ஆடியில்தான், மக்களவையில் நிறைவேற்றியிருக்கிறீர்கள். 14 வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாதாம். ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாமாம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன்பிறப்பு மட்டுமா? சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, மாமா. வெளியாட்களை வைத்து நடத்தினாலும் அது குடும்பத் தொழில்தான். எங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட இத்தனை பேருக்கு இடம் கிடைப்பதில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி யாரோ உங்கள் காதில் போட்டிருக்க வேண்டும். இங்கே எல்லாரும் மாமாதான். திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் மாமா. வாழைத்தார் ஏற்ற ஆள் பிடிப்பவர் மாமா. ஏலக்காட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர் ஊருக்கே மாமா.

அந்த ஜீப்பில் போகிற 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கும் நீங்கள் குறை வைக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை கூடாது, நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு, காத்திருப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஓவர்டைம் கிடையாது, காலை 8 மணிக்கு முன் கூடவே கூடாது. ஜீப்போ விடியுமுன் கிளம்பிக் கம்பம்மெட்டு ஏறி இடுக்கிக்குள் இறங்குகிறது. மடிமேல் மடியாக உட்கார்ந்து போவது வேலையா என்ன? மாமாவோடு சுற்றுலா.

ஏலக்காய் எங்கே காய்க்கும் தெரியுமா, ஐயா? செடியின் காலடியில், மண்ணை ஒட்டி. குத்தவைத்தே நகர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை காலேறும். அடித்த மருந்தின் வாடை துணியை விட்டுப் போகாது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒன்பதாம் வகுப்புப் பாதியில் அந்த ஜீப்பில் ஏறினாள். 14 வயதோடு கல்வி உரிமைச் சட்டம் அவளைக் கைகழுவியது. அதே 14 வயதில் உங்கள் சட்டம் அவளை வேலைக்கு அனுமதித்தது. அவள் எத்தனை மணிக்கு வேலையில் இறங்கினாள், எத்தனை மணிக்கு நிமிர்ந்தாள் என்று ஒரு அதிகாரி போய்ப் பார்த்ததுண்டா? என் மகளுக்கு மட்டும் கடிகாரத்தோடு வருகிறீர்கள். வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காவிட்டால் எனக்குச் சூடு ஏறிவிடுகிறது.

பெற்றவர்களுக்கு முதல் தடவை தண்டனை இல்லை, மறுபடி பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று கருணை காட்டியிருக்கிறீர்கள். முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல தண்டனைதான். ஆனால் முதலாளி என்று இங்கே யாரும் அகப்படுவதில்லை. மாமாக்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்த முறை திருத்தும்போது அந்தக் குடும்பப் பட்டியலைப் பெற்றோரோடு நிறுத்துங்கள். வேலை நேரத்தை ஜீப் ஏறும் நிமிடத்திலிருந்து கணக்கிடுங்கள். உங்கள் அதிகாரிகளை ஒரு நாள், திங்கட்கிழமையாகப் பார்த்து, விடியுமுன் கம்பத்தில் ஜீப் நிற்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.