பாட்டுக்கும் பேர் போடுங்க துரை

கண்டிச் சீமைத் தோட்ட முதலாளிமாரே, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்கள் மலையில் இதுவரை நிறுக்காத விளைச்சல் ஒன்று கிடக்கிறது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டுங்கள். வேலையின்போது தொழிலாளி படைக்கும் ஆக்கத்தின் பொருளாதார உரிமைகளுக்கு, ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, சொந்தக்காரர் வேலை கொடுத்தவர்தான். கொழுந்து பறிக்கையில் எங்கள் பெண்கள் பாடினார்கள். கங்காணியை ஏசினார்கள், பறிகொடுத்த பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தார்கள். எல்லாம் காலைப் பிரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் நடுவே, நீங்கள் சம்பளம் கொடுத்த நேரத்தில்! பறிக்கத்தான் சம்பளம், பாடுவதற்கல்ல என்று வக்கீல்மார் நுணுக்கம் பேசுவார்கள். பேசட்டும். கொடுக்காத கூலிக்கே கணக்குக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா?

சட்டம் கரிசனை மிக்கது. படைத்தவர் செத்து 70 ஆண்டு வரை காவல். வேண்டுமென்றே மீறினால் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. ஆனால் அந்த ஆண்டுக் கணக்கைப் போட, படைத்தவரின் பேர் தெரிய வேண்டும். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பேர் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. குழி வெட்டியவனின் பேர் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டோடு மக்கிப்போனது. பாட்டுக்காரிக்கு அந்தச் செக்ரோலிலும், கிலோ குறைந்த நாளில் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான்.

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தப் பாடல்களைத் தேடித் திரட்டாவிட்டால் நமக்கு இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கும்? அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1984இல் மறைந்தார், அவர் எழுத்துக்கு 2054 வரை காவல் உண்டு. அவருக்குப் பாடிக் காட்டிய கிழவிகளுக்கு?

அவர்களையும் சட்டம் மறக்கவில்லையாம். 24ஆம் பிரிவு நாட்டார் பாடல்களைக் காக்கிறது. வியாபாரத்துக்கு எடுப்பவர் அமைச்சர் குறிக்கும் அதிகாரபீடத்திடம் அனுமதி கேட்டு, கட்டணமும் கட்ட வேண்டும். அந்தக் காசு கலாசார அபிவிருத்திக்குப் போகும். பிள்ளையைப் புதைத்தவள் அவள், பற்றுச்சீட்டு எழுதுவது அரசு. 1948இல் அவளுக்குக் குடியுரிமை இல்லையென்ற அரசு, அவள் அழுகைக்கு மட்டும் காப்பாளராகி உட்கார்ந்திருக்கிறது.

தேயிலைப் பெட்டியைப் பாருங்கள். அதிலுள்ள சிங்க இலச்சினை தேயிலைச் சபையின் சொத்து. அனுமதியில்லாமல் எவனும் தொட முடியாது. பக்கத்தில் கூடையோடு சிரிப்பவளின் படம், அதை எடுத்தவனின் சொத்து. சிரிப்பு யாருடையது என்று எந்தப் பிரிவும் கேட்கவில்லை.

ஆகவே முதலாளிமாரே, தாமதிக்காதீர்கள். பாட்டையும் தராசில் ஏற்றி, கம்பனியின் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: நல்ல பாட்டை மட்டும் பொறுக்கியெடுக்க விடமாட்டோம். கங்காணியின் பிரம்பையும், ஒழுகும் லயத்தையும், துரையின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பாடிய வசவுகள் இருக்கின்றன. அவையும் உங்கள் சொத்துதான். இனி மேடையேற்றும்போதெல்லாம், சொந்தக்காரர் என்று உங்கள் பேரைச் சொல்லிவிட்டே பாடுவோம்.