மழைமணப் படவியல்: திரேஸ்புரப் படலம்

இந்நூல் நுதலிய பொருள் யாதோ எனின், வெட்டவெளியில் கல்யாணம் வைத்தார்மேல் மழை பெய்யுங்கால் படக்காரர் செய்வனவும் செய்யாது ஒழிவனவும் உணர்த்துதல். நிலம், தூத்துக்குடிக் கடற்கரையின் திரேஸ்புரம். பொழுது, ஐப்பசியும் கார்த்திகையும். கருப்பொருள், வள்ளம், வலை, சாமியானா, ஜெனரேட்டர், பிரியாணி அண்டா.

அப்பொழுதில் ஏன் கல்யாணம் வைப்பர் எனின், வேறு தேதி இன்மையான் என்க. ஆண்டுக்குச் சுமார் 65 செ.மீ. மழையே காணும் மாவட்டம் இது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீரும். இந்துக்கள் மார்கழியைத் தள்ளுவர். கத்தோலிக்கர் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தைத் தள்ளுவர். தள்ளியவை போக இருசாராரும் நவம்பர் மழையில் வந்து சேர்வர். மதநல்லிணக்கத்துக்கு இதனினும் ஈரமான சான்று இல்லை. கல்யாணத்தன்று மழை வருவதற்குப் பெண் சின்ன வயதில் பச்சரிசி தின்றதே காரணம் என்பாரும் உளர். மாப்பிள்ளை தின்ற அரிசியை ஒருவரும் கணக்கில் கொள்ளாமை ஆராயத்தக்கது.

மழை நால்வகைத்து: வராத மழை, தூறல், கொண்டல் மழை, பெருமழை.

இவற்றுள் வராத மழையே தலையாயது. வானம் மூடிய அன்று வெயிலை மேகம் பரப்பிவிடும். கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் விழாது. பெண்ணின் வெள்ளைச் சேலையும் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டும் ஒரே படத்தில் பிழைக்கும். ஆயின் அன்றுதான் ஒருவரையும் பந்தலுக்கு வெளியே இழுக்க இயலாது. இழுத்தாலும் குரூப் போட்டோவில் அத்தனை பேரும் அண்ணாந்திருப்பர். சிவப்புச் சாமியானாவின் கீழேயே எடுத்துவிடுவோம் எனின், குடும்பம் முழுதும் சிவக்கும்.

தூறலில் பிளாஷ் அடிப்பவன் கடைநிலைப் படக்காரன். லென்ஸுக்கு அருகில் விழும் துளிகள் அவ்வொளியை வாங்கி வெள்ளை வட்டங்களாகி, பாட்டியின் முகத்தில் ஒன்றும் சம்பந்தியின் முகத்தில் இரண்டுமாக அமரும். அவ்வட்டங்களை ஆசீர்வாதம் என்று சொல்லி ஆல்பத்தை ஒப்படைத்தோரும் உளர்.

கொண்டல் மழையாவது கடலிலிருந்து கீழைக்காற்றோடு வருவது. இதனைப் படத்தில் பிடித்தல் எங்ஙனம் எனின், ஒளி மணமக்கள் முதுகுக்குப் பின்னிருந்து வரவேண்டும். முன்னிருந்து வந்தால் மழை தெரியாது. மணமக்கள் காரணமின்றி நனைந்தவராய்த் தோன்றுவர். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால் துளி துளியாக நிற்கும். அறுபதில் ஒரு பங்கு திறந்தால் கோடாக நீளும். அந்தி வெயிலோடு பெய்வதாயின் இன்னும் சிறப்பு. வானவில் சூரியனுக்கு எதிரே தோன்றுவதாகலின், மாலையில் அது கிழக்கே, கடல்மேல் நிற்கும். காலையில் மேற்கே, ஊர்மேல் நிற்கும். ஆகவே வானவில் வேண்டுவோர் ரிசப்ஷனை மாலையில் வைக்க.

கடற்காற்றின் உப்பு கேமராவின் உலோக முனைகளை அரிக்குமாதலின் ஈரத்துணியால் துடைத்தபின் உலர்துணியால் துடைக்க. மாப்பிள்ளைத் தோழனின் வேட்டி நுனி இவ்விரண்டனுள் அடங்காது. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கரைக்குக் கொணர்ந்தால் கண்ணாடியில் ஆவி படியும். அது தெளியும்வரை யாதொரு சடங்கும் காத்திராது, வெற்றிலைத்தட்டு மாற்றுதல் உட்பட.

பெருமழை இந்நூலுள் அடங்காது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தபோது, மார்கழியைத் தள்ளி வைத்த முன்னோரின் அறிவு விளங்கிற்று.

இனிக் குடை. இதன் இலக்கணம் விரிவுடைத்து. கறுப்புக் குடை முகத்தை இருட்டடிக்கும். வெண்குடை ஒளியை மெல்லிதாக்கி இறக்கும். நகைக்கடைக் குடை மணமக்கள் தலைக்குமேல் செய்கூலி சேதாரம் இல்லை என்று அறிவிக்கும். பிடிப்பார் வகையால் நோக்கின், தாய்மாமன் பிடித்த குடை பெண்ணுக்கு மட்டும் உரியது; அண்ணன் பிடித்த குடை மாப்பிள்ளைக்கு மட்டும் உரியது; இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் மழை பெய்துகொண்டேயிருக்கும். இரு வீட்டாரில் எவர் குடையை முதலில் மடக்கச் சொல்வது என்பதில் படக்காரர் தலையிடற்க. கேமராவுக்குக் குடை பிடிக்கும் பையன் முழுதும் நனைவான். ஆல்பத்தில் எங்கும் இரான். அவனுக்குப் பந்தி எப்போது என்று எந்நூலும் கூறவில்லை.

பந்தலுள் தகரப்பந்தல் ஒன்றே சொல்லத்தக்கது. மழை வலுத்தால் அதன்கீழ் வாழ்த்துரை கேளாது. இதனைக் குணம் என்பர் கேட்டோர். குற்றம் என்பர் பேசினோர்.

பின்னணி விலக்கு: ஊர்த் தண்ணீரைச் சுமந்து பக்கிள் ஓடை கடலில் கலப்பது திரேஸ்புரத்தில். ஆகலின், தேங்கிய நீரில் மணமக்களின் பிம்பம் எடுக்கும் கேண்டிட் கலைஞர், அந்நீர் வானத்து வந்ததோ ஓடையின் வந்ததோ என்று வினவியபின்னரே முழங்காலிடுக. கரையேற்றிய வள்ளங்களின் நீலமும் மஞ்சளும் மழையில் கழுவி மின்னும். அவற்றைப் பின்னணியாகக் கொள்வது தகும். வள்ளத்துக்காரரிடம் கேட்டுக்கொள்வதும் தகும்.

ஐந்தாவதாக மழை ஒன்று உண்டு என்பர் பிற்காலத்தார். உப்பளம் வெள்ளையாய் விளையும் வைகாசியில் கல்யாணம் முடித்தோர், மிக்ஸிங்கின்போது படக்காரரிடம் கேட்டு வாங்கும் கம்ப்யூட்டர் மழை அது. பந்தலுக்குள்ளும் பெய்யும், குடைக்குக் கீழேயும் பெய்யும், ஒருவரும் நனையார். கட்டணம் தனி.