காத்துல பந்தடிக்கப் போற நைனாவுக்கு

இன்னா நைனா, ஸ்காட்லாந்து போறியாமே? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல மேனேஜர் ஆனே, நந்தனம் மைதானத்துல கோல்ஃப் கத்துக்கினே. சரி, பெரிய உத்தியோகம், வேண்டியதுதான். இப்ப இன்னாடான்னா, கடலோரத்துல, குளிர்காத்துல, சாரல்ல ஆடினாத்தான் அசல் ஆட்டம்னு எவனோ ஏத்தி விட்டுட்டான். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துல சீசன் நேரத்துல ஒரு ஆட்டத்துக்கு நம்ம காசு முப்பதாயிரத்தத் தாண்டுமாமே. அதுக்கும் பேரு குடுத்துட்டுக் குலுக்கல்ல வருதான்னு காத்துக் கெடக்கணுமாம். நனையறதுக்குக் குலுக்கலா? ஐப்பசி கார்த்திகையில நம்ம ஏரிக்கரைத் தெருவுல வந்து நில்லு. முழங்கால் வரைக்கும் இலவசம்.

பொட்டியத் தொறந்து காட்டினியே, சிரிப்ப அடக்க முடியல. நனையாத கோட்டு, நனையாத ஷூ, நனையாத கையுறை, காத்துக்கு மடங்காத குடை, தூரம் சொல்ற கடிகாரம். மழையத் தேடிப் போறவனுக்கு இத்தினி நனையாத சாமான் எதுக்குப்பா? மட்டை பதினாலு வேற. அதுக்கு மேல சட்டம் விடாதாம். விட்டா நாப்பது தூக்கிக்கினு போவே.

அந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் எடத்தோட கதை இன்னான்னு கேட்டியா? கடலுக்கும் கழனிக்கும் நடுவுல கெடக்குற மணல் மேடு. ஏர் ஓடாது, பயிர் நிக்காது, ஆடு மேய்க்கத்தான் ஆவும். நீங்க பங்கர்னு நடுங்குற மணல் குழி, காத்துக்கு ஒதுங்கி ஆடுங்க படுத்துப் படுத்துப் பறிச்சதுன்னு சொல்றாங்க. காத்தடிச்சா குழியில எறங்கணும்னு ஆட்டுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீ அதுலேருந்து வெளிய வர வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்குறே. 1764ல அங்க ஒரு ஆட்டத்துக்குப் பந்து வுழற குழிய 22லேருந்து 18 ஆக்கினாங்க. அந்தக் கணக்குதான் இன்னிக்கு ஊரு உலகம் பூரா. குழியோட அகலம் 108 மில்லிமீட்டராம். அடேங்கப்பா, 108! நம்ம திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாளும் 108 திவ்ய தேசத்துல ஒருத்தருதான். அவரப் பாக்கக் குலுக்கல் கெடையாது. ஆவடி தாண்டி ரயில்ல எறங்குனா போதும்.

காத்து யாருக்குப்பா அடங்கியிருக்குது? 2015ல அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்துல ஓபன்னு பெரிய கோல்ஃப் போட்டி. சனிக்கிழமை அடிச்ச காத்துல புல்லுமேல நின்ன பந்து தானா உருள ஆரம்பிச்சிருச்சு. உலகத்துல பேரெடுத்த ஆட்டக்காரனுங்க அத்தினி பேரும் மட்டைய வெச்சிட்டு உக்காந்தானுங்க. ஞாயித்துக்கிழமை முடியவேண்டியது திங்கக்கிழமை முடிஞ்சுது. பழவேற்காட்டு மீன்காரனக் கேளு. வாடை திரும்பினா மூக்குலயே தெரிஞ்சிக்குவான், படகைக் கரையில இழுத்துப் போட்டுருவான். எண்ணூர்ல புயல் கூண்டு ஏத்துற வரைக்கும் நிப்பானா? நீ போன்ல வானிலை பாத்துக்கினு, காத்து பலமா வருதுன்னு சந்தோசப்படுறே.

இன்னொரு கதை கேளு. 1999, கார்னூஸ்டி மைதானத்துல அதே ஓபன் போட்டி. வான் டி வெல்டேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. கடைசிக் குழிக்கு வர்றப்ப மத்தவங்களவிட மூணு அடி கம்மியா அடிச்சு முன்னால கீறாரு. சும்மா தட்டித் தட்டி வந்திருந்தாலே கப்பு கையில. வுட்டாரா? ஓங்கி ஓங்கி அடிச்சு, பந்து பார்வையாளர் கொட்டாயில மோதித் திரும்பி, கடைசியில ஓடையில வுழுந்துது. ஷூவக் கழட்டி, பேன்ட்டச் சுருட்டிக்கினு, நாத்து நடுற ஆளாட்டம் தண்ணியில எறங்கி நின்னாரு. உலகமே பாத்துது. அந்தக் குழிக்கு ஏழு அடி ஆச்சு. கப்பு பால் லாரின்னு இன்னொரு ஆட்டக்காரருக்குப் போச்சு. வீராப்பு அவ்ளோதான் நைனா.

போறதுன்னு முடிவு பண்ணிட்டே, சரி, ஒண்ணு சொல்றேன். காத்துக்கு எதிரா மட்டைய வானத்துக்குத் தூக்காதே. கைப்பிடியக் கொஞ்சம் கீழ புடி. பந்தப் பின்காலு பக்கம் வெச்சிக்கோ. மெல்ல அடி, தரையோட போவுட்டும். உருண்டு போற பந்த காத்து இன்னா பண்ணும்? வேகமா அடிச்சா சுழலும், சுழன்னா மேல ஏறும், மேல ஏறுனா காத்துக்குத் தீனி. களத்துல முறம் புடிச்ச கிழவிக்கெல்லாம் காத்து எங்கேருந்து வருதுன்னு தெரியும். உனக்கு மட்டும் போன் சொல்லணுமா? பந்து காணாமப் போனா மூணு நிமிஷந்தான் தேடலாம். முன்னே அஞ்சு இருந்துது, 2019ல கொறச்சிட்டாங்க. அந்த மட்டும் புத்தி வந்துதே.

பூசலார் நாயனாரோட ஊரான நம்ம திருநின்றவூர்ல பொறந்துட்டு இத்தினி செலவு தேவையா? கல்லு மண்ணு இல்லாம மனசுக்குள்ளயே கோயிலக் கட்டி முடிச்சாரு. காஞ்சியில ராசா கட்டுன கோயில நாளைக்குப் பாத்துக்கலாம்னு சிவன் இங்க வந்துட்டாரு. நீயும் மனசுக்குள்ள ஆடிப் பாரேன். அங்கயும் ஓடையில போட்டுட்டு வருவே, அது வேற.

சரி, போய்த்தான் தீருவேன்னா ஞாயித்துக்கிழமையாப் பாத்துப் போ. அன்னிக்கு அந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துல ஆட்டம் கெடையாது, பெரிய போட்டி நடந்தா ஒழிய. ஊர் சனம் நாயப் புடிச்சிக்கினு புல்லுல நடக்கும். நீயும் நடக்கலாம். டிக்கெட் இல்ல, குலுக்கல் இல்ல, மட்டை தூக்க ஆள் வேணாம். காத்துக்கு மட்டும் அன்னிக்கும் லீவு கெடையாதாம்.