குழாயும் கையுமாக

மார்ச் மாத ராத்திரி எட்டு மணிக்கு, நியூசிலாந்தின் பிளெனம் நகரச் சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் நிற்கிறார். முழங்கால் வரை நனைந்த கால்சட்டை, நகக்கண்ணெல்லாம் கருநீலக் கறை, கையில் ஒரு பெட்டி பீர். விசாரிக்கவே வேண்டாம். ஒயின் தயாரிக்கக் கற்றுக்கொள்ள விமானம் ஏறி வந்தவர் அவர். தாளில் அவருடைய பதவி அறுவடைக்காலப் பயிற்சியாளர். ஆலைக்குள் அவரை அழைப்பது நிலவறை எலி என்று.

கிளம்பும்போது இவர் மனதில் ஒரு படம் இருந்தது. மஞ்சள் வெயில், பிரம்புக் கூடை, மாலையில் கோப்பையைச் சுழற்றி மூக்கை நுழைத்துத் தலையாட்டுதல். பிளெனம் இருக்கும் மார்ல்பரோ வட்டாரம் அந்தப் படத்தை முதல் ராத்திரியே கிழித்துவிடுகிறது. 1973-இல்தான் இங்கே பெரிய அளவில் திராட்சை நட ஆரம்பித்தார்கள். இன்று நியூசிலாந்து ஒயினில் முக்கால் பங்குக்கு இந்த ஒரு வட்டாரமே பொறுப்பு. அத்தனையையும் கூடையில் பறித்தால் அடுத்த தீபாவளி வந்துவிடும். கொடி வரிசைக்கு மேலே கால் பரப்பி ஓடும் இயந்திரம் உலுக்கிப் பழத்தை உதிர்க்கிறது, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில், குளிர்ச்சி இருக்கும்போதே. சொவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை லாரி லாரியாக வந்து கொட்டுகிறது. கொடி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே அறுவடையை முடித்த பயிற்சியாளர்கள் உண்டு.

அப்படியானால் இவர் என்னதான் செய்கிறார்? கழுவுகிறார்.

லாரி கொட்டிய தொட்டியைக் கழுவுகிறார். சாறு பிழியும் பிரஸ்ஸுக்குள் தலையை விட்டுக் கழுவுகிறார். டேங்குக்கு முதலில் காஸ்டிக், பிறகு தண்ணீர், பிறகு சிட்ரிக் அமிலம், மறுபடியும் தண்ணீர். அந்த டேங்கைக் கழுவிய பம்பைக் கழுவி, பம்பில் மாட்டிய குழாயைக் கழுவி, குழாய் கிடந்த தரையையும் கழுவ வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒயினைத் தொடும் நேரம் கொஞ்சம், தண்ணீரைத் தொடும் நேரம் அதிகம். ரசாயனப் பட்டம் பெற்றவரும், பெரிய ஓட்டலில் ஒயின் பரிமாறியவரும், வங்கி வேலையை உதறியவரும் இந்தக் குழாய்க்கு முன்னால் சமம். எந்த நாட்டு ஆலையிலும் குழாயில் முடிச்சு விழும். அதை எந்த மொழியில் திட்டினாலும் பிரியாது.

இவர் பவ்யமாக நடந்துகொள்வது ஈஸ்டிடம் மட்டும்தான். காய்ந்த ஈஸ்டை எடை போட்டு, நாற்பது டிகிரி வெந்நீரில் தூவி, இருபது நிமிஷம் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். பிறகு குளிர்ந்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். வெப்பம் சட்டென்று பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் ஈஸ்ட் கோபித்துக்கொண்டு வேலை நிறுத்தம் செய்துவிடும். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் கிடையாது.

வேலை முற்றும்போது சக்கை அள்ளும் நாள் வருகிறது. பினோ நுவார் போன்ற சிவப்பு ஒயின் தோலோடு புளிப்பது. ஒயினை வடித்துவிட்டால் டேங்கின் அடியில் தோலும் விதையும் டன் கணக்கில் தங்கிவிடும். கீழ்க் கதவைத் திறந்து, மண்வெட்டியோடு ஒருவர் உள்ளே போக வேண்டும். சும்மா போய்விட முடியாது. ஒரு லிட்டர் சாறு ஒயினாக மாறுவதற்குள் ஐம்பது லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை விடுகிறது. அது காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும், ஆளைக் கொல்லும். அதனால் முதலில் வாயுமானியை இறக்கிப் பார்ப்பார்கள். இவர் உள்ளே இருக்கும்வரை வெளியே ஒருவர் கண்ணெடுக்காமல் காவல் நிற்பார். இந்த இடத்தில் மட்டும் ஆலையில் யாரும் ஜோக் அடிப்பதில்லை. அரை மணி கழித்து, தலை முதல் கால் வரை ஊதா நிறத்தில் வெளியே வந்து, “போட்டோ எடுத்தியா?” என்பதுதான் இவருடைய முதல் கேள்வி. அந்தப் போட்டோ ஊருக்குப் போகும். கழுவும்போது எடுத்த போட்டோ எதுவும் போகாது.

இரண்டாவது அறுவடையிலேயே இவர் மூத்தவர் ஆகிவிடுகிறார். தென்கோளத்தில் மார்ச், ஏப்ரல். வடகோளத்தில், உதாரணத்துக்குக் கலிபோர்னியாவின் நாபாவில், ஆகஸ்டிலிருந்து அக்டோபர். ஆக, ஒரே வருஷத்தில் இரண்டு அறுவடை பார்த்துவிடலாம். “நாபாவில் நாங்க இப்படிச் செய்யமாட்டோம்” என்று மார்ல்பரோவிலும், “மார்ல்பரோவில் இப்படி இல்லையே” என்று நாபாவிலும் சொல்லித் திரிவார். 2016 கைக்கோரா நிலநடுக்கத்தில் மார்ல்பரோவின் ஸ்டீல் டேங்குகள் நசுங்கிய கதையை நேரில் பார்த்ததுபோல் விவரிப்பார். அது நடந்தது நவம்பரில். அந்த மாதத்தில் அங்கே அறுவடை ஏது, பயிற்சியாளர் ஏது? புதிதாக வந்த பிள்ளைகள் அதையெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை.

இவ்வளவு ஒயினுக்கு நடுவே இவர் குடிப்பது என்னவோ பீர்தான். நல்ல ஒயினுக்கு நிறைய பீர் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லா நாட்டிலும் சொல்லும் பழைய பேச்சு. பகலெல்லாம் துப்பித் துப்பி ருசி பார்த்த நாக்கு, ராத்திரியில் சில்லென்று ஏதாவது கேட்கிறது, அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒயின் புத்தகங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்த இடத்தில் காலுறைகளை அடுக்கிக்கொள்ளுங்கள். அங்கே எதுவும் சீக்கிரம் காய்வதில்லை.